வண்டியைத் தள்ளி நிறுத்தச் சொல்லுங்கள்

வாசகர் கேள்வி:

ஐயா, வணக்கம். என் அப்பாவுக்கு 81 வயது. நுரையீரலில் புற்றுநோய். ஆஸ்பத்திரி வேண்டாம், சிங்கப்பூர் தெம்பனிஸில் என் வீட்டில்தான் இருப்பேன் என்று சொல்லிவிட்டார். இனி வாரக் கணக்குதான் என்கிறார் வீட்டுக்கு வந்து பார்க்கும் டாக்டர். மூச்சு இருக்கும்போதே இதைக் கேட்க எனக்குக் கூசுகிறது. ஆனால் போன வருஷம் பிடோக்கில் சித்தப்பா தவறியபோது நடந்தது மனத்தை விட்டுப் போகவில்லை. மண்டாய் தகனச்சாலை வரை சவ வண்டிக்குப் பின்னால் 14 கார்களும் ஒரு பேருந்தும் ஒட்டியே போனோம். வரிசை அறுந்துவிடக் கூடாதென்று சிலர் சிவப்பு விளக்கில்கூட நிற்கவில்லை. பின்னால் வந்த ஒருவர் ஹார்ன் அடித்தார். என் அண்ணன் காரை நிறுத்தி இறங்கிச் சண்டைக்கே போய்விட்டார். லைசன்ஸ் எடுத்து ஐந்து மாதமே ஆன அக்கா மகனுக்குச் சிவப்பு விளக்கு மீறியதற்குக் கடிதம் வந்தது.

இப்போது பெரியப்பா, “தம்பியை உறுமி மேளத்தோட மெயின் ரோடு சந்திப்பு வரைக்கும் நடத்திக் கூட்டிட்டுப் போகணும். நாதன் ஐயாவுக்கு ரோடு ஒதுங்கலையா? என் தம்பிக்குப் பத்து நிமிஷம் ஒதுங்காதா?” என்கிறார். என் கணவரோ, “வேலைக்குப் போகிறவர்களை மறிக்கக் கூடாது, அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்திலிருந்து நேராக வண்டியில் ஏற்றிவிடலாம்” என்கிறார். அம்மாவால் அதிக தூரம் நடக்க முடியாது. அப்பாவுக்கு ஒரு குறையும் வைக்கக் கூடாது. ஊரார் வயிற்றெரிச்சலும் வேண்டாம். நான் என்ன செய்வது?

ஆலோசனை:

அன்புச் சகோதரிக்கு வணக்கம்.

கூசாதீர்கள். 26 வருஷமாக இறுதிச் சடங்கு ஏற்பாடு செய்யும் வேலையில் இருக்கிறேன். எல்லா முடிவையும் ஒரே இரவில், அழுகைக்கு நடுவே எடுக்க வேண்டிவந்த குடும்பங்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். அந்த நேரத்தில் யார் குரல் பெரிதோ அவர் சொன்னதே நடக்கும். மற்றவர்கள் மனத்தாங்கலோடு பின்னால் வருவார்கள். உங்கள் சித்தப்பா வீட்டிலும் அப்படித்தான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன். இன்றைக்கே உட்கார்ந்து யோசிப்பதும் அப்பாவுக்கு நீங்கள் செய்யும் பணிவிடைதான்.

பெரியப்பா கேட்டதிலிருந்து தொடங்குகிறேன். அவருடைய கேள்வியைப் பிடிவாதம் என்று தள்ளிவிடாதீர்கள். தம்பியின் கடைசிப் பயணம் யார் கண்ணிலும் படாமல் போய்விடுமோ என்ற பயம் அதில் இருக்கிறது.

முன்னாள் அதிபர் எஸ். ஆர். நாதன் 2016 ஆகஸ்ட் 22ஆம் தேதி காலமானார். 26ஆம் தேதி அவருக்கு அரசு இறுதிச் சடங்கு. நாடாளுமன்றத்திலிருந்து சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் பண்பாட்டு மையத்துக்குப் பீரங்கி வண்டியில் அவர் உடல் போனது. அதற்கு முந்திய வருஷம், மார்ச் 29ஆம் தேதி, கொட்டுகிற மழையில் லீ குவான் இயூவின் ஊர்வலம் 15.4 கிலோமீட்டர் போனதை நாம் எல்லோரும் பார்த்தோம். அந்தச் சாலைகள் தாமாக ஒதுங்கவில்லை. எந்தத் தெரு எத்தனை மணிக்கு மூடப்படும் என்று முன்கூட்டியே அறிவித்து, காவல்துறை நின்று ஒதுக்கியது. நாடு தன் தலைவர்களுக்குச் செய்த மரியாதை அது. ஒரு வீட்டுத் துக்கத்துக்கு அப்படிச் சாலையை மூட இங்கே வழியில்லை. பெரியப்பாவிடம் இன்னொன்றையும் சொல்லுங்கள்: ஊர்வலம் முடிந்ததும் அந்த இருவரும் எரியூட்டப்பட்டது மண்டாயில்தான், உங்கள் சித்தப்பா போன அதே மண்டாயில்.

அவருக்கு வேறொரு நினைவும் இருக்கக்கூடும். 1962இல் திறந்த மவுண்ட் வெர்னன் தகனச்சாலை 2004 வரை இயங்கியது. சிராங்கூன் பக்கத்து வீடுகளுக்கு அது எட்டிப் பிடிக்கிற தூரம். 1982இல் வந்த மண்டாய் அப்படி இல்லை. தெம்பனிஸிலிருந்து போனால் தீவின் கிழக்கிலிருந்து வடக்குக்குப் போக வேண்டும், அதுவும் விரைவுச்சாலை வழியாக. ஊரில் சுடுகாடு தெருக்கோடி தாண்டி இருக்கும்; மேளத்தோடு நடந்தே போய்ச் சேரலாம். இங்கே நடை வேறு, பயணம் வேறு. இரண்டையும் ஒன்றாகக் கட்டி இழுப்பதால்தான் சந்திப்பில் சண்டை வருகிறது. நடையை நிறைவாகச் செய்யுங்கள். பயணத்தைச் சாதாரணப் பயணமாக விட்டுவிடுங்கள். உங்களுக்கு நான் சொல்ல நினைப்பது இவ்வளவுதான். மற்றதெல்லாம் இதை எப்படிச் செய்வது என்ற விவரம்.

முதலில் நடை. பெரும்பாலான குடும்பங்கள் சவ வண்டியைப் பந்தலுக்குப் பக்கத்திலேயே நிறுத்தச் சொல்வார்கள். பெட்டியைத் தூக்கியதும் பத்தடியில் வண்டி. ஒரு நிமிஷத்தில் கதவு மூடிவிடும். “அவ்வளவுதானா?” என்று நிற்பவர்களின் மனம் வெறிச்சோடிப் போவதை எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். சாலையில் இறங்கி நடந்தே தீர வேண்டும் என்ற வேகம் அந்த வெறுமையிலிருந்துதான் வருகிறது. அதனால் உங்கள் வீட்டுக்கு வரும் ஏற்பாட்டாளரிடம், வண்டியைத் தள்ளி நிறுத்தச் சொல்லுங்கள். புளோக்கின் மறுகோடியில், அல்லது அடுத்த புளோக்கின் கார் நிறுத்துமிடத்தில். பந்தலிலிருந்து 150, 200 மீட்டர் இருக்கட்டும். அந்தத் தூரத்தைப் புளோக்குகளுக்கு இடையிலுள்ள நடைபாதையிலேயே கடந்துவிடலாம். பிள்ளைகளும் மருமகன்களும் தோள் மாற்றித் தூக்க அது போதும். அம்மாவைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டும் வரலாம். படிக்கட்டு இல்லாத பாதையா என்று மட்டும் முதல் நாளே ஒருமுறை நடந்து பாருங்கள்.

பெட்டியைத் தூக்கி நடப்பது பாரமான வேலை. மழை பெய்தால் தரை வழுக்கும். ஆகவே கூரையுள்ள நடைபாதை இருந்தால் அந்த வழியைத் தேர்ந்தெடுங்கள். முதியவர்கள் பெட்டிக்குத் தோள் கொடுக்க ஆசைப்பட்டால் புறப்படும் இடத்தில் பத்தடி தூக்கட்டும், பிறகு இளையவர்கள் வாங்கிக்கொள்ளட்டும். சைக்கிளும் நடையும் கலந்து போகும் பாதையாக இருந்தால், முன்னால் ஒருவரும் பின்னால் ஒருவரும் கொஞ்சம் தள்ளி நடந்து வருகிறவர்களுக்குக் கை காட்ட வேண்டும். கார் நிறுத்துமிடத்தைக் குறுக்கே கடக்கும் இடத்திலும் இரண்டு பேர் நிற்கட்டும். சவ வண்டியோ பேருந்தோ வெளியேறும் வாயிலிலுள்ள கேன்ட்ரியை அடைத்து நிற்கக் கூடாது. பல கார் நிறுத்துமிடங்களில் வெளியே போக ஒரே வழிதான். அங்கே ஒரு வண்டி நின்றால் மூன்று புளோக் ஆட்கள் வேலைக்குப் போக முடியாது. தீயணைப்பு வண்டி வரும் பாதையையும் ஒரு நிமிஷம்கூட மறிக்காதீர்கள். பந்தல் போடும்போதே அந்தப் பாதை எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. பல வருஷத்துக்கு முன் நான் முன்னின்று நடத்திய ஓர் ஊர்வலம் பேட்டைக்குள் இருக்கும் ஒற்றைத் தடச் சாலையில் இறங்கி நடந்தது. முன்னால் ஆள் போட்டிருந்தேன், பின்னால் போடவில்லை. ஆம்புலன்ஸ் ஒன்று பின்னால் வந்து நின்றது. மேளச் சத்தத்தில் சைரன் எங்கள் காதில் விழவில்லை. கடைசியில் நடந்துவந்த ஒரு பாட்டி திரும்பிப் பார்த்துக் கத்திய பிறகுதான் எல்லோரும் புல்தரைக்கு ஏறினோம். எத்தனை நொடி போனதென்று எனக்குத் தெரியாது. அந்த ஆம்புலன்ஸ் யார் வீட்டுக்குப் போனதோ, அந்த வீட்டை நினைத்து அன்றிரவு நான் தூங்கவில்லை. அதற்குப் பிறகு வாகனம் ஓடும் சாலையில் ஊர்வலத்தை இறக்கச் சொல்லி யார் கேட்டாலும் நான் ஒப்புக்கொள்வதில்லை.

மேளத்தைப் பற்றி. கீழ்த்தளத்தைப் பயன்படுத்த நகர மன்றத்தின் அனுமதி வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். மேளத்துக்கும் ஒலிக்கும் உள்ள நேரக் கட்டுப்பாட்டை அந்த அனுமதி வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். நடக்கும்போதும் வாசிக்க வேண்டுமென்றால் நகர மன்றத்தோடு காவல்துறையையும் முன்கூட்டியே கேளுங்கள். அவர்கள் சொல்வதைப் பெரியப்பாவின் காதிலும் போட்டுவிடுங்கள். என் சொந்த அபிப்பிராயத்தைச் சொல்லட்டுமா? எடுக்கிற நேரத்துக்கு முந்திய கால் மணி நேரம் பந்தலில் உறுமி முழங்கட்டும். பெட்டி நகரத் தொடங்கியதும் அது அடங்கட்டும். சத்தம் ஓய்ந்து காலடி ஓசை மட்டும் கேட்கிற அந்த நேரத்தில் அக்கம்பக்கத்துச் சீனர்களும் மலாய்க்காரர்களும் கதவருகில் வந்து அமைதியாக நிற்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். உங்கள் பேட்டையில் சீனர் வீட்டுத் துக்கம் நடந்தபோது கவனித்திருப்பீர்கள். அவர்களும் வண்டிக்குப் பின்னால் கொஞ்ச தூரம் நடந்துவிட்டுப் பேருந்தில் ஏறிவிடுகிறார்கள். இந்த ஊரில் வாழ்கிற எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே வழக்கம் ஆகிவிட்டது.

இனிப் பயணம். கார் வரிசை அறக் கூடாது என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்று நான் யோசித்ததுண்டு. அமெரிக்காவில் பல மாநிலங்களில் இறுதி ஊர்வலத்துக்கு மற்ற வாகனங்கள் வழிவிட வேண்டுமென்று சட்டமே இருக்கிறது; முதல் வண்டி பச்சையில் நுழைந்துவிட்டால் பின்னால் வருபவை தொடரலாம். அங்கே எடுத்த காணொளிகளை நம் பிள்ளைகள் பார்க்கிறார்கள். சிங்கப்பூரில் அந்தச் சலுகை சவ வண்டிக்கும் கிடையாது, பின்னால் வரும் காருக்கும் கிடையாது. சிவப்பு விளக்கைத் தாண்டினால் காருக்கு 400 வெள்ளி அபராதம், 12 டிமெரிட் (குற்றப்) புள்ளி. உங்கள் அக்கா மகன் விஷயத்தில்தான் எனக்குக் கவலை. லைசன்ஸ் எடுத்த முதல் வருஷத்தில் 13 புள்ளி சேர்ந்தால் லைசன்ஸே ரத்தாகிவிடும். பிறகு ஆரம்பத்திலிருந்து பரீட்சை எழுதி, ஓட்டிக் காட்டி வாங்க வேண்டும். அந்தக் கடிதத்தோடு 12 புள்ளியும் ஏறியிருந்தால், அந்த வருஷம் முடிகிறவரை அந்தப் பிள்ளையை யாரும் எந்த ஊர்வலத்திலும் காரோட்டச் சொல்லாதீர்கள். பேருந்தில் உட்காரட்டும்.

சட்டத்தை விடுங்கள். 14 கார்கள் ஒட்டிப் போவது கணக்குப்படியே நடக்காத காரியம். பச்சை விழுந்ததும் ஒரு தடத்தில் நிற்கிற கார்கள் சுமார் 2 நொடிக்கு ஒன்றாகத்தான் கோட்டைக் கடக்கும். 14 காருக்கு 28 நொடி. சவ வண்டி, பேருந்து இரண்டையும் சேர்த்தால் அரை நிமிஷத்தைத் தாண்டிவிடும், அதுவும் எல்லோரும் சுறுசுறுப்பாகப் புறப்பட்டால். துக்க வரிசை அப்படிப் புறப்படாது. பேட்டையிலிருந்து பெரிய சாலைக்குத் திரும்பும் பச்சை பல இடங்களில் அவ்வளவு நேரம் எரிவதில்லை. ஆகவே முதல் சந்திப்பிலேயே வரிசை அறும். அறுந்ததும் முன்னால் போனவர்கள் மெதுவாக ஓட்டுவார்கள், பின்னால் விட்டுப்போனவர்கள் விரட்டுவார்கள். இரண்டுமே ஆபத்து.

விரைவுச்சாலையில் இன்னும் மோசம். 90 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு கார் நொடிக்கு 25 மீட்டர் போகிறது. முன்னால் போகும் காருக்கு 2 நொடி இடைவெளி விட்டால் 50 மீட்டர். 14 கார்கள் ஒழுங்காக இடைவெளி விட்டால் வரிசையின் நீளம் 700 மீட்டர்! அதற்குள் வேறு யாரும் நுழையக் கூடாதென்று எதிர்பார்க்க முடியுமா? நுழையாமல் தடுக்க இடைவெளியைக் குறைத்தால், முன்னால் ஒருவர் லேசாக பிரேக் தொட்டாலும் பின்னால் வருபவர் அதைவிட அழுத்தி மிதிப்பார், அவருக்குப் பின்னால் வருபவர் இன்னும் அழுத்தி மிதிப்பார். அந்த அலை பின்னோக்கி ஓடி, தூரத்தில் வருகிறவர்களைக் காரணமே தெரியாமல் நிறுத்திவிடும். உங்கள் அண்ணனைப் பார்த்து ஹார்ன் அடித்தவருக்கு முன்னால் நடப்பது என்னவென்றே தெரியாமல் இருந்திருக்கலாம். சவ வண்டி அவர் கண்ணில் பட்டிருக்கவே வாய்ப்பில்லை.

அதனால் வரிசை வேண்டாம். உங்கள் வீட்டுக்கு நான் வந்தால் என்ன செய்வேன் என்று சொல்கிறேன். சவ வண்டிக்குப் பின்னால் ஒரே ஒரு கார் போகட்டும், அதில் அம்மாவும் நீங்களும். அதை ஓட்டுகிறவர் முந்திய இரவு தூங்கியவராக இருக்க வேண்டும். பந்தலில் இரவெல்லாம் விழித்திருந்து, அழுது வீங்கிய கண்ணோடு காலையில் காரை எடுக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும். தூரத்துச் சொந்தக்காரரோ நண்பரோ ஓட்டலாம். மற்றவர்களுக்கு 40 பேர் உட்காரும் பேருந்து ஒன்று அல்லது இரண்டு எடுங்கள். ஒரு பேருந்தில் போகிற கூட்டம் காரில் போனால் பத்துக் காருக்கு மேல் ஆகும். பேருந்து சவ வண்டியோடு போக வேண்டியதில்லை. பெரிய பேருந்துக்கு விரைவுச்சாலையிலும் 60 கிலோமீட்டர்தான் உச்ச வேகம். காரோடு சேர்ந்து அது ஓடவே முடியாது. உடலுக்குப் பின்னால்தான் போவோம் என்பவர்கள் நடையில் பின்னால் வந்துவிட்டார்கள் அல்லவா? பெட்டி வண்டிக்குள் ஏறியதும் பேருந்தை முதலில் அனுப்பிவிடுங்கள். அவர்கள் போய் இறங்கி நிற்கவும் உடல் வந்து சேரவும் சரியாக இருக்கும். சொந்தக் காரில் வருகிறேன் என்பவர்கள் அவரவர் வழியில் வரட்டும். நேரத்தையும் கூடத்தின் எண்ணையும் முதல் நாளே கைப்பேசியில் அனுப்பிவிட்டால் ஒருவரும் தொலைந்து போகமாட்டார். 2025 ஆகஸ்ட்டில் மண்டாய் நார்த் தகனச்சாலையும் திறந்துவிட்டது. மண்டாய் என்று மட்டும் எழுதினால் பாதிப்பேர் பழைய இடத்துக்குப் போய் நிற்பார்கள். எந்தத் தகனச்சாலை, எந்தக் கூடம் என்று முழுதாக எழுதுங்கள்.

அண்ணனை எங்கே உட்கார வைப்பது என்று கேட்பீர்கள். கொள்ளி வைக்கப்போகிறவர் அவர்தானே? சவ வண்டியில், அப்பாவுக்குப் பக்கத்தில். காரை அவர் கையில் கொடுக்கவே கொடுக்காதீர்கள். கோபக்காரர் என்பதால் சொல்லவில்லை. நான் இந்தத் தொழிலுக்கு வந்த மூன்றாவது வருஷம், ஒரு மூத்த மகன் தன் காரைத் தானே ஓட்டி வந்தார். வரிசையில் ஆறாவதோ ஏழாவதோ. ஒரு சந்திப்பில் விட்டுப்போய், பதற்றத்தில் வேறு விரைவுச்சாலையில் ஏறிவிட்டார். நாங்கள் உடலோடு மண்டாயில் காத்திருந்தோம். கூடத்தில் நமக்குக் கொடுத்த நேரம் கரைந்துகொண்டிருந்தது. அடுத்த குடும்பத்தின் வண்டி பின்னால் வந்து நின்றுவிட்டது. அவர்களும் அழுதுகொண்டுதான் நின்றார்கள். அவர் வந்தபோது சில நிமிஷமே பாக்கி. கார் நிறுத்துமிடத்திலிருந்து செருப்பில்லாமல் ஓடிவந்தார். அப்பாவின் முகத்தை அவர் சரியாகப் பார்த்தாரா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. அவர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அது இன்றும் என்னை உறுத்துகிறது. வரிசையாகப் போகலாம் என்று சொன்னது நான்.

நேரம் குறிப்பதைப் பற்றிக் கொஞ்சம். இப்போது இறப்புச் சான்றிதழ் காகிதத்தில் கிடையாது. 2022 மே 29 முதல் மின்னிலக்க வடிவில்தான். வீட்டுக்கு வரும் மருத்துவர் இறப்பை உறுதிப்படுத்தியதும் அது பதிவாகிவிடும், நீங்கள் பதிவிறக்கிக்கொள்ளலாம். அதன் பிறகே தகனத்துக்கு நேரம் எடுப்பது. வேலை நாளில் காலை 7.30 முதல் 9.30 வரையும் மாலை 5 முதல் 8 வரையும் பேருந்துத் தடங்கள் கார்களுக்கு மூடியிருக்கும்; சாலை நெரிசலும் அப்போதுதான். பத்து மணிக்கு மேல் புறப்பட்டு மூன்று மணிக்குள் சேருவதுபோல் எடுத்தால் உங்களுக்கும் நிம்மதி, சாலையில் போகிறவர்களுக்கும் நிம்மதி. தெம்பனிஸ் விரைவுச்சாலை பிடித்து, சிலேத்தார் விரைவுச்சாலை வழியாக மண்டாய் சாலைக்கு இறங்குவது உங்களுக்கு நேர் வழி. ஆனால் வெள்ளிக்கிழமை பிற்பகலிலும் நீண்ட வார இறுதிக்கு முந்திய நாளிலும் ஜொகூருக்குப் போகிற கூட்டம் அந்தப் பக்கம்தான் திரளும். பள்ளி விடுமுறையில் விலங்குத்தோட்டத்துக்கும் பறவைச் சொர்க்கத்துக்கும் போகிற குடும்பங்களும் மண்டாய் சாலையைத்தான் பிடிப்பார்கள். அந்த நாட்களில் காலை நேரம் கிடைத்தால் விடாதீர்கள்.

ராகு காலம், எமகண்டம் பார்ப்பீர்கள். பார்க்க வேண்டியதுதான். எடுக்கிற நேரம் என்பது வீட்டிலிருந்து தூக்குகிற நேரம். அதை நல்ல நேரத்தில் வைத்துக்கொண்டு, நடையும் வழியனுப்பலும் முடிந்து வண்டி கிளம்புவது அரை மணி நேரம் கழித்தானாலும் சாத்திரத்துக்குக் குறைவில்லை என்று சடங்கு நடத்தும், எனக்குத் தெரிந்த பண்டாரங்கள் சொல்கிறார்கள். இங்கே சூரியன் ஏழு மணியை ஒட்டித்தான் உதிக்கிறது, ஊர்ப் பஞ்சாங்கத்தின் ஆறு மணிக் கணக்கு அப்படியே பொருந்தாது என்பதையும் உங்கள் பண்டாரத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வழியெல்லாம் பூ இறைப்பது, வெடி வெடிப்பது பற்றியும் பெரியப்பா பேசக்கூடும். வெடிக்கு 1972 முதலே இங்கு தடை. பூவைச் சாலையில் எறிவது குப்பை போடும் குற்றத்தில் சேரும். அதைவிட, நனைந்த இதழில் மோட்டார் சைக்கிளின் சக்கரம் வழுக்கும். ஓர் அப்பாவின் ஊர்வலத்தால் இன்னொரு வீட்டுப் பிள்ளை விழக் கூடாது. தட்டு நிறைய உதிரிப்பூவை நடையில் வருகிறவர்கள் கையில் கொடுங்கள். வண்டிக்குள் வைக்கும்போது பெட்டி மேல் தூவட்டும், மிச்சத்தை மண்டாய்க்கு எடுத்துப் போங்கள். இன்னொன்று: துக்க வண்டி என்று காட்ட நான்கு சைகை விளக்கையும் சிமிட்டவிட்டு ஓட்டும் பழக்கம் நம்மிடம் பரவியிருக்கிறது. நான்கும் சிமிட்டும்போது நீங்கள் இடப்பக்கம் போகிறீர்களா வலப்பக்கம் போகிறீர்களா என்று பின்னால் வருபவருக்குத் தெரியாது. வேண்டாம். மேளக்காரர்களையோ உறவினர்களையோ லாரியின் பின்தட்டில் ஏற்றவும் வேண்டாம்.

சவ வண்டி மெதுவாகப் போக வேண்டுமா? பேட்டைக்குள் மெதுவாகப் போகட்டும். அங்கே நடக்கிற வேகத்தில் ஊர்ந்தாலும் யாரும் குறை சொல்லமாட்டார்கள். விரைவுச்சாலையில் ஏறிவிட்டால் இடது தடத்தில் மற்ற வாகனங்களோடு ஒத்த வேகத்தில் போவதே பாதுகாப்பு. யாராவது ஹார்ன் அடித்தால் அடிக்கட்டும். கண்ணாடியை இறக்காதீர்கள்.

உங்கள் கணவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அவர் சொன்னபடியே நேராக வண்டியில் ஏற்றினால் பெரியப்பாவின் மனம் ஆறாது. உங்களுடையதும் ஆறாது என்று உங்கள் கடிதத்தைப் படித்ததும் தோன்றியது. பெரியப்பாவிடம் விதிமுறையைச் சொல்லி வாயை அடைக்கப் பார்க்காதீர்கள். “பெரியப்பா, அப்பா எந்த வழியா நடக்கணும்னு நீங்கதான் முடிவு பண்ணணும். முன்னால நீங்கதான் நடக்கணும்” என்று கேளுங்கள். ஊர்வலம் என்றால் ஊரை வலம் வருவது. உங்கள் அப்பாவுக்கு ஊர் எது? நான்கு தடத்தில் லாரிகள் பறக்கிற அந்தச் சந்திப்பா? அங்கே அவரைத் தெரிந்தவர் யாரும் நிற்கவில்லை. அவரைத் தெரிந்தவர்கள் மளிகைக் கடையிலும் மின்தூக்கி வாசலிலும் கீழே கல் பெஞ்சிலும் இருக்கிறார்கள்.

அப்பா கொஞ்சம் தெளிவாக இருக்கிற ஒரு காலையில், பெரியப்பாவும் பக்கத்தில் இருக்கும்போது, அவரிடமே பேச்சோடு பேச்சாகக் கேட்டுப் பாருங்கள்: தினமும் காப்பிக் கடைக்கு எந்த வழியாக நடந்து போவார், யார் யாரைப் பார்த்துக் கை அசைப்பார், எங்கே நின்று மூச்சு வாங்குவார் என்று. எதற்கென்று சொல்ல வேண்டாம். அவர் சொல்கிற வழியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். வண்டி அந்த வழியின் முடிவில் நிற்கட்டும்.